நாட்டுச் செடி என்றால் எந்த நாடு?

காஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி போன வருடம் சிலிண்டரை வாசலில் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "அம்மா, இது என்ன புது ரகமா? இலையே மஞ்சளா இருக்கு. அழகாத்தான் இருக்கு."

அவன் அழகு என்றது என் இட்லிப்பூச் செடியின் நோயை. இலை முழுக்க எலுமிச்சம்பழ மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பச்சை நூலால் பின்னிய வலையை மஞ்சள் துணியில் ஒட்டியதுபோல் இருக்கும். நான் "ஆமாப்பா, புது ரகம்தான்" என்று சொல்லி ரூபாயைக் கொடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் பிறந்த ஊரில் இந்தச் செடிக்கு யாரும் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார்கள். அதை ஒரு தொட்டிப் பிள்ளைபோல் சீராட்டியும் என்னால் பச்சையாக வைத்திருக்க முடியவில்லை.

பிறந்தது குமரி மாவட்டம், அருமனைப் பக்கம். வாக்கப்பட்டது கோவில்பட்டி. டெலிபோன் இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வீட்டைச் சுற்றிக் கிடந்த ஒன்றரை சென்ட் இடத்தில் தோட்டம் போடலாம் என்று இறங்கினேன். முதலில் வைக்க நினைத்தது தெற்றி.

தெற்றி என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. கோவில்பட்டியில் அது இட்லிப்பூ. சில ஊர்களில் விருட்சிப்பூ. கேரளத்தில் வடக்கே போகப் போக செத்தி, தெச்சி என்று மாறும். பழைய தமிழில் வெட்சி; செச்சை என்றும் ஒரு பெயர். திருமுருகாற்றுப்படையில் முருகனுக்குத் தலைமாலை இந்தச் செச்சைதான். செச்சை, செத்தி, தெச்சி, தெற்றி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே பெயர் ஊர் ஊராக நடந்துபோன தடம் காதில் விழும். தொல்காப்பியம் பகைவர் ஆநிரையைக் கவர்ந்துவரும் போருக்கு இந்தப் பூவின் பெயரைத்தான் திணைப்பெயராக வைத்தது. அந்த வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறம் என்றும் சொன்னது. குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும். இதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கினேன். செடி வைக்கும்போது அந்தப் பத்து மார்க் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் காவு. நாகர் சிலைகள் இரண்டு, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தெற்றிப் புதர். யாரும் நட்டதில்லை, யாரும் வெட்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொத்தோடு பறித்து ஒவ்வொரு பூவாகப் பிய்ப்போம். பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நரம்பைப் பிடித்து மெதுவாகக் கீழ்ப்பக்கமாக உருவினால், குழலின் அடியிலிருந்து ஒரு துளி தேன் அதன் நுனியில் தொங்கிக்கொண்டு வரும். கடுகளவுகூட இருக்காது. அந்தத் துளிக்காக நாற்பது பூவைப் பிய்த்துப்போட்டு, பாட்டியிடம் வசவு வாங்குவோம். "பூவ முழுக்கப் பிச்சுட்டா நாகருக்கு என்ன வைக்க, மக்ளே?" என்பாள். மாசிக்குமேல் பட்டாணி அளவில் சிவந்த பழம் பழுத்துக் கறுக்கும். அதையும் விடமாட்டோம். வீட்டில் குழந்தை பிறந்தால் தெற்றிப்பூவைத் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சி, குழந்தையின் மேலுக்குத் தேய்ப்பார்கள். அந்த எண்ணெயின் இளஞ்சிவப்பும் மணமும்தான் எனக்குத் தெற்றி.

அதனால்தான் நர்சரியில் போய் நின்றபோது "நாட்டு இட்லிப்பூ இருக்கா?" என்று கேட்டேன். பையன் யோசிக்காமல் "இருக்கும்மா, எல்லாமே நாட்டுதான்" என்றான். பாக்கெட்டில் முக்கால் அடி உயரச் செடி, நுனியில் உள்ளங்கை அகலக் கொத்து. வாங்கி வந்தேன். மூன்று வருடம் கழித்தும் அது ஒன்றரை அடியைத் தாண்டவில்லை. அது குட்டை ரகம். கலப்பினம். சில இடங்களில் இதையே சிங்கப்பூர் இட்லிப்பூ என்கிறார்கள். நம் மண்ணில் பிறந்த ஒரு செடி கடல்கடந்து போய், வேறு நாட்டுச் சொந்தங்களோடு கலந்து, குட்டையாகித் திரும்பிவந்து, நாட்டு ரகம் என்ற பெயரில் விலைபோகிறது. அதன்மேல் குற்றம் இல்லை. குட்டை ரகத்துக்கும் இடம் உண்டு, மொட்டைமாடித் தொட்டிக்கு அதைவிட்டால் ஆள் இல்லை. எது எது என்று சொல்லி விற்கலாம் அல்லவா?

யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நானே பார்க்கப் பழகினேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்குள் வாசல் செடியை ஆராய்ந்துவிடுகிறேன். மகளுக்கு இது மானக்கேடு.

முதலில் கணு. இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். அந்த ஜோடிக்கு நடுவில், தண்டை ஒட்டி, முள்போல் கூர்ந்த ஒரு சின்னப் பச்சைச் செதில் நிற்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் போதும், லென்ஸ் வேண்டாம். காப்பிச் செடியிலும் இந்தச் செதில் உண்டு, கரிசல்காட்டு மஞ்சணத்தியிலும் உண்டு. மூன்றும் ஒரே குடும்பம். எதிர் இலையும் நடுச்செதிலும் சேர்ந்து கண்ணில் பட்டால் இந்தக் குடும்பத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

அடுத்தது இலையின் அடி. எங்கள் ஊர்த் தெற்றியில் இலைக்குக் காம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இலை நேராகத் தண்டில் உட்கார்ந்திருக்கும். அடிப்பக்கம் அகன்று, லேசாக இதய வடிவில் தண்டைத் தழுவினாற்போல் இருக்கும். தாவரவியலில் இந்த இனத்துக்கு இக்ஸோரா என்று பெயர்; அதன் சீனத்து வகையில் இலை அடியில் குறுகி, சின்னக் காம்பில் நிற்கும். பூவிலும் தெரியும். இரண்டிலும் நாலு இதழ்தான். தெற்றியின் இதழ் நுனி ஈட்டிபோல் கூர்மை, சீனத்ததில் உருண்டை. கலப்பினங்களில் இந்த அடையாளம் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். இலை, பூ இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நிறத்தை நம்பக் கூடாது. தெற்றியிலேயே மஞ்சள் பூக்கும் வகை உண்டு. அதைக் காட்டி "இது வெளிநாட்டு ரகம்" என்று கூடுதல் விலை சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளையாகப் பூத்தால் இன்னும் குழப்பம். மலையடிவாரக் காடுகளில் வெள்ளைக் கொத்தோடு நிற்பது பாவட்டையாக இருக்கலாம், சுலுந்தாகவும் இருக்கலாம். சுலுந்து தெற்றியின் உடன்பிறப்பு. சிறு மரமாக வளரும். அதன் குச்சி பச்சையாகவே பற்றி எரியும். தீப்பெட்டி வராத காலத்தில் இரவில் வழிகாட்டியது சுலுந்துக் குச்சிப் பந்தம்தான். தீப்பெட்டி ஊரான கோவில்பட்டிக்காரர்கள் இந்தச் செடியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், அல்லது மன்னிப்புக் கேட்க வேண்டும். பாவட்டை வேறு. அதன் இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், மை தெளித்தாற்போல் அங்கங்கே கருப்புப் புள்ளி தெரியும். நோய் இல்லை, இலைக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சு. பூவின் நடுநரம்பும் பாவட்டையில் குழலுக்கு வெளியே நீளமாக ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். தெற்றியிலும் சுலுந்திலும் அது அடக்கமாகத் தலைகாட்டி, நுனியில் இரண்டாகப் பிரியும். தாவரவியலில் பெயர் வைத்தவர்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதில் கூட்டினார்கள்: சுலுந்தின் பெயர் இக்ஸோரா பவெட்டா, பாவட்டையின் பெயர் பவெட்டா இண்டிகா.

இக்ஸோரா என்ற பெயரே நம் ஈஸ்வரன்தான். போர்த்துகீசியர் வாயில் புகுந்து அப்படி ஆனது. லின்னேயஸ் 1753-இல் அதை அச்சில் ஏற்றினார். அவருக்கு முன்பே கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படத்தோடு தொகுத்தார். ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற உள்ளூர் வைத்தியர் சொல்லச் சொல்ல எழுதிய பகுதிகள் அதில் நிறைய. எங்கள் செடி அதில் ஷெட்டி என்ற பெயரில் இருக்கிறது. செத்திதான். முந்நூறு வருடத்துக்கு முன்னால் வந்த வெளிநாட்டுக்காரர், உள்ளூர்க்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதன் பெயர் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார். இன்றைக்கு நர்சரியில் செடிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது '₹60' மட்டும்.

என் செடியின் கதைக்கு வருகிறேன். முதல் ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. தளதளவென்று இருந்தது, இரண்டு தடவை பூத்தது. அப்புறம் கொழுந்து வெளுத்தது. பழைய இலை பச்சையாகவே இருக்க, புதிதாக வருவது மட்டும் மஞ்சள். "சத்துப் பத்தல" என்றார்கள். யூரியா வைத்தேன். இன்னும் வெளிறிய கொழுந்தாகத் தள்ளியது. பக்கத்து வீட்டு மதினி, செல்போனில் வந்த வீடியோவைக் காட்டி முட்டை ஓட்டை இடித்துப் போடச் சொன்னார். போட்டேன். அடுப்புச் சாம்பல் நல்லது என்று இன்னொருவர். அதையும் போட்டேன். கரண்டி கரண்டியாக ஊட்டியும் குழந்தை மெலிகிறதே என்று கலங்கும் தாய்போல் நான் நிற்க, செடி கடைசியில் காகித நிறத்துக்கு வந்து, இலை ஓரம் கருகத் தொடங்கியது.

அப்போதுதான் என் மருமகன் ஒரு பேச்சில் கேட்டார்: "அத்த, வயலுக்கு மண் டெஸ்ட் எடுக்கிறோமே, தோட்டத்துக்கு எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. ஒன்றரை சென்டுக்கு மண் பரிசோதனையா என்று சிரிப்பார்களோ என்று பயம். நாலு மூலையிலும் முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ பையில் போட்டு வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். யாரும் சிரிக்கவில்லை. கார அமில நிலை 8.4 என்று சீட்டு வந்தது.

ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தெற்றிக்குப் பிடித்தது ஐந்தும் சில்லறையும். இந்த அளவில் ஒரு எண் ஏறினால் வித்தியாசம் பத்து மடங்கு, இரண்டு ஏறினால் நூறு மடங்கு. மூன்று எண் தள்ளி நான் அதை நட்டிருக்கிறேன். கரிசலுக்கு அடியில் சுக்கான் கல். அத்தனையும் சுண்ணாம்பு. கிணற்றுத் தண்ணீரும் அதில் ஊறி வருவது. பற்றாக்குறைக்கு நான் செடியை நட்டது புதிதாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. சிமென்ட் பூச்சிலிருந்தும் கீழே சிந்திய கலவையிலிருந்தும் சுண்ணாம்பு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு மேலே முட்டை ஓடு, அதற்கும் மேலே சாம்பல். இரண்டும் காரம். வயிற்றுப்போக்குக்காரனுக்கு விளக்கெண்ணெய் கொடுத்த கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. காரம் ஏறினால் இரும்பு கரையாமல் துருவாக இறுகிவிடுகிறது. வேர் அதன் பக்கத்திலேயே நிற்கும், உறிஞ்ச முடியாது. பூட்டிய பத்தாயத்துக்குப் பக்கத்தில் பசித்துக் கிடப்பதுபோல. பழைய இலையில் ஏற்கெனவே சேர்ந்த இரும்பைச் செடியால் எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் மஞ்சள் கொழுந்திலிருந்து ஆரம்பிக்கிறது. தழைச்சத்துக் குறைவென்றால் நேர் எதிர்: பழைய இலை முதலில் மஞ்சளாகும், நரம்போடு சேர்ந்தே மஞ்சளாகும். எந்த இலை முதலில், நரம்பு என்ன நிறம். இந்த இரண்டையும் பார்க்கத் தெரிந்திருந்தால் யூரியா வாங்கியிருக்க மாட்டேன்.

முதல் ஏழு மாதம் எப்படிப் பச்சையாக இருந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் அலங்காரச் செடிகளில் பெரும்பங்கு ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருபவை. பாக்கெட்டுக்குள் சிவந்த மண். அந்த உருண்டைக்குள் வேர் இருக்கும்வரை செடிக்கு நோவு இல்லை. வேர் அந்த மண்ணைத் தாண்டிக் கரிசலில் கால்வைத்த அன்றைக்குத்தான் சங்கதி தெரிகிறது. கடைக்காரர் கண்ணில் அந்த நாள் படுவதே இல்லை. அவரிடம் இருக்கும்வரை எல்லாச் செடியும் பச்சைதான்.

மாற்று வழி தேடியபோது நாட்டு மருந்துக்கடை அன்னபேதிதான் கைகொடுத்தது. வேதியியலில் இரும்பு சல்பேட். இளம்பச்சைக் கல்லாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம், கூட அரை மூடி எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்தபின் கொழுந்தின்மேல் புகைபோல் தெளிக்க வேண்டும். அளவு கூடினால் இலை பொசுங்கும். மண்ணில் போட்டால் பலன் இல்லை, கரிசலின் காரம் இரண்டு நாளில் அதையும் துருவாக்கிவிடும். தெளித்துப் பத்தாம் நாள் கொழுந்தில் பச்சை ஏறியதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் சிரிப்பீர்கள். சிமென்ட் தரையில் விழுந்த சொட்டெல்லாம் துருக்கறையாகி, ஊரே கேட்டது வாசலில் என்ன வெற்றிலை துப்பி வைத்திருக்கிறீர்கள் என்று.

உரக்கடையில் கட்டிய இரும்பு என்று பாக்கெட் கிடைக்கும். கரையாமல் போகாதபடி இரும்பை வேறொரு மூலக்கூறோடு பிணைத்த சரக்கு. அதிலும் இரண்டு உண்டு: ஈடிடிஏ, ஈடிடிஹெச்ஏ. முதலாவது காரமண்ணில் பிடிப்பு விட்டுப்போய்விடும். கரிசலுக்கு வேண்டியது ஹெச் உள்ளது. அந்த ஒரு எழுத்துக்கு விலை பல மடங்கு. ஆனாலும் இதெல்லாம் சிகிச்சைதான். மூன்று மாதத்துக்கு ஒருதரம் மருந்து தெளித்துத்தான் ஒரு செடி உயிரோடு இருக்கும் என்றால், அதை வளர்க்கிறோமா, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோமா?

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். "நாட்டுச் செடி வையுங்கள்" என்பது இப்போது எல்லா மேடையிலும் கேட்கிற பேச்சு. நல்ல பேச்சுதான், நானும் கைதட்டியவள்தான். ஆனால் நாடு என்று எதைச் சொல்கிறோம்? தெற்றி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தானாக விளைந்த செடி. அதில் சந்தேகமே இல்லை. அதற்காக அது கோவில்பட்டியின் நாட்டுச் செடி ஆகிவிடாது. இரண்டு பருவமழையும் பெய்கிற, செம்புறை மண்ணில் சுண்ணாம்பெல்லாம் கரைந்தோடிப் புளித்துக் கிடக்கிற மேற்குச் சரிவின் பிள்ளை அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மனிதர்கள் சேர்ந்தோம். தெற்றியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் மண்ணெல்லாம் ஒரே மண் என்று அரசாணை போடவும் முடியாது. வெட்சியைக் குறிஞ்சியோடு சேர்த்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களோ, கண்ணால் கண்டதை எழுதினார்களோ, மலைப்பக்கத்துச் செடி என்பதை எனக்கு முன்பே சொல்லிவைத்துவிட்டார்கள்.

மதுரை திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் போகும்போது நடுவில் அரளியும் காகிதப்பூவும் வரிசைகட்டி நிற்கும். "இந்த விஷச்செடியை வைத்ததற்கு நம்ம வெட்சியை வைக்கக் கூடாதா?" என்று என் தோழி ஒருத்தி பஸ்ஸில் ஆதங்கப்பட்டாள். ஐந்து வருடத்துக்கு முன்பென்றால் நானும் தலையாட்டியிருப்பேன். இப்போது அரளி பக்கம் பேசினேன். காரமண், கொதிக்கும் தார், தண்ணீர் லாரி வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை. அதில் அது வருடம் முழுக்கப் பச்சையாக நின்று பூக்கிறது, ஆடுமாடும் வாய்வைக்காது. வெட்சியை அங்கே நட்டால் ஆறாம் மாதம் சிலிண்டர் தம்பி சொன்ன புது ரகமாகிவிடும். பெருமைக்காக நட்டுச் சாகவிடுவதைவிட அரளி தேவலை. கரிசலுக்கு என்றே பிறந்த ஆவாரை இருக்கிறது, அதைக் கேட்டு எந்த நர்சரிக்கும் யாரும் போவதில்லை. போனாலும் கிடைப்பதில்லை.

அதனால் என் கோரிக்கை சின்னது. விற்கிற செடியிலோ, விழா நடத்தி இலவசமாகக் கொடுக்கிற செடியிலோ, ஒரு சீட்டுக் கட்டுங்கள். அதில் மூன்று விவரம்: முழுப்பெயர், எந்த மண்ணுக்கு ஆகும், வளர்ந்தால் எத்தனை அடி. மருந்துக்கு லேபிள் இருக்கிறது, பிஸ்கட்டுக்கு இருக்கிறது. இருபது வருடம் வீட்டில் நிற்கப்போகிற உயிருக்கு ஒரு சீட்டுக் கட்டினால் நர்சரி முழுகிப்போய்விடாது. நகராட்சிப் பூங்காவுக்கு டெண்டர் விடுபவர்களும் செடியின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் மண் சீட்டையும் கேட்கலாம்.

கத்தரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் மகள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் இரண்டு பக்கமும் குட்டை இட்லிப்பூ வேலி. மண்ணும் அங்கே பரவாயில்லை, இலை நல்ல பச்சை. ஆனால் நான் போன நாலு தடவையும் ஒரு பூ இல்லை. தோட்டக்காரரிடம் கேட்டேன். "பதினஞ்சு நாளுக்கு ஒருக்க வெட்டணும்மா. நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும்னு கமிட்டி சொல்லுது" என்றார். தெற்றி பூப்பது புதுக்கிளையின் நுனியில். நுனியை வெட்டினால் மொட்டையும் சேர்த்துத்தான் வெட்டுகிறோம். அடுத்த நுனி தழைத்து மொட்டு வைக்கும் நேரத்துக்குக் கத்தரி மறுபடி வந்துவிடுகிறது. பூக்காத பூச்செடிக்கு மாதம் இத்தனை ரூபாய் பராமரிப்புக் கட்டணம். கொத்து வாடியபின் அந்தக் கிளையை மட்டும் இரண்டு கணு கீழே வெட்டிவிட்டால் போதும். நூல் பிடித்த மாதிரி வேண்டுமென்றால் சுவர் கட்டிக்கொள்ளலாம், தண்ணீர்ச் செலவு மிச்சம்.

என் குட்டைச் செடியைப் போன ஐப்பசியில் பெயர்த்துவிட்டேன். ஊருக்குப் போனபோது காவுப் பக்கத்துத் தெற்றியில், ரொம்பப் பிஞ்சும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் ஒரு சாண் குச்சி பத்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தேன். நுனியில் இரண்டு இலையை விட்டு, மற்றதைக் கிள்ளி, மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்து நட்டு, மேலே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தேன். ஐந்தாறு வாரத்தில் நாலு குச்சி வேர் பிடித்தது, ஆறு அழுகியது. நாலுக்கும் பெரிய சிமென்ட் தொட்டி வாங்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். சிமென்டா, வேண்டவே வேண்டாம் என்று மண்தொட்டி வாங்கினேன். ஊரிலிருந்து வந்த காரின் டிக்கியில் மூன்று மூட்டைச் செம்மண்ணும் வந்தது. கார் அத்தான் மகனுடையது. இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான். தொட்டிக்கு மாடியில் பிடித்த மழைத்தண்ணீர், அது தீர்ந்தால் குழாயில் வரும் ஆற்றுத்தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் தொடக்கூடாது. காலையிலிருந்து மதியம்வரை நேர்வெயில் படுகிற கிழக்கு வாசல். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். எறும்பு வரிசை ஏறினால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம், கரும்பூசணம் படியுமுன் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்துவிடுகிறேன்.

நாலில் மூன்று இப்போது இடுப்பளவு. சித்திரையில் முதல் கொத்து விரிந்தது. ஒரு நாள் விடியலில் லென்ஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். மொட்டு விரிவதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்து, மகரந்தம் முழுக்க நடுநரம்பின் தலையில் பூசப்பட்டிருக்கிறது. பூ திறக்கும்போது அந்தத் தலை மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு வெளியே வருகிறது. இரண்டு நாள் கழித்து அதே தலை இரண்டாகப் பிளந்து, வேறு பூவின் மகரந்தத்தை வாங்கத் தயாராகிறது. முதலில் கொடுக்கும் கை, பிறகு வாங்கும் கை. குழல் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாது, நூல்போல் ஒடுக்கம். தேனீ வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறது, அதற்கு நாக்கு எட்டாது. நீள உறிஞ்சியுள்ள பட்டாம்பூச்சிக்குத்தான் அந்தத் துளி. ஒன்பது மணிக்குமேல் கறுப்பும் சிவப்புமாக ஒன்று வருகிறது. உட்காராமல் சிறகடித்துக்கொண்டே கொத்து முழுக்கக் குடித்துவிட்டுப் போகிறது. நான் ஒரு பூவைக்கூடப் பிய்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஒன்று பிய்த்தேன். அதே கடுகளவு.

போன வாரம் சிலிண்டர் தம்பி வந்தான். "அம்மா, இது எப்ப வச்சீங்க? அந்த மஞ்சள் ரகம் போயிருச்சா?" என்றான். "போயிருச்சு" என்றேன். வீட்டுக்கு ஒரு குச்சி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சம்சாரத்துக்குப் பூச்செடி என்றால் உயிராம்.

"உங்க வீட்டுல என்ன மண்ணு?" என்று கேட்டேன்.

சிலிண்டரை உருட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். "எங்களுக்குச் செவக்காடும்மா. வீட்டச் சுத்தி செவல் மண்ணுதான்."

"சுண்ணாம்புக்கல் கிடக்குமா?"

"கிணறு தோண்டுறப்ப பாத்தேன், இல்ல."

"சுவர் ஓரமா வைக்காதே" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுக்க உள்ளே போனேன்.